வெள்ளிப் பையின் முதுகு

ஆற்றுக்குப் பாலம் கட்டத் தெரியாத காலம், அரசருக்கு நாற்காலியில் உட்காரத் தெரியாத காலம். அந்தக் காலத்தில் தேனாற்றின் கரையில் நெடுங்கரை என்றொரு தலைநகரம் இருந்தது.

கேட்கிறவர்கள் கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள். இந்தக் கதையை உரக்கச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. கதையில் வருகிறவருக்காக மட்டும் இல்லை, எனக்காகவும்தான். ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள். கேட்டு முடித்த பிறகு உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

நெடுங்கரைக்கு மூன்று பெருமைகள். அரிசி, ஆறு, வெள்ளிப் பை. அரிசி எல்லா ஊரிலும் உண்டு. ஆறு பாதி ஊர்களில் உண்டு. வெள்ளிப் பை நெடுங்கரையில் மட்டும்தான் உண்டு.

பை என்றதும் துணிப்பையை நினைத்துவிடாதீர்கள். உள்ளங்கை அகலத்தில் இரண்டு வெள்ளித் தகடுகள். சிப்பியைப் போல வாய் மூடித் திறக்கும். அடியில் ஒரு கீல், மேலே ஒரு கொக்கி, இடுப்பில் தொங்கவிட ஒரு சங்கிலி. உள்ளே மெத்தென்று பட்டுத் துணி. வெளியேதான் அதிசயம். தகட்டில் பூவும் பறவையும் குழிவாகச் செதுக்குவார்கள். வண்ணக் கண்ணாடியை நீர் விட்டு அரைத்து அந்தக் குழிகளில் வைப்பார்கள். பிறகு உலையில் காட்டுவார்கள். கண்ணாடி உருகி வெள்ளியோடு ஒட்டிக்கொள்ளும். மீனா வேலை என்று அதற்குப் பெயர். நீலம் வைத்த இடத்தில் அடியில் இருக்கும் வெள்ளி, தண்ணீருக்குள் கிடக்கும் காசு மாதிரி மினுங்கும்.

மீனா வேலை செய்தவர்கள் ஊரில் ஏழு வீட்டார். ஏழில் முதல் வீடு வைரவப் பத்தர் வீடு.

வைரவப் பத்தர் கெட்டிக்காரர். அதை நான் மறைக்க மாட்டேன். அரைத்த கண்ணாடியைக் கழுவும்போது தண்ணீர் பால் போலக் கலங்கி வரும். அதைக் கொட்டிவிட்டு மறுபடி கழுவ வேண்டும். மற்றவர்கள் மூன்று தண்ணீர் கழுவுவார்கள். வைரவப் பத்தர் ஒன்பது தண்ணீர் கழுவுவார். அதனால்தான் அவருடைய நீலம் நீலமாக இருந்தது, அடுத்த வீட்டு நீலம் சாம்பலாக இருந்தது.

அந்த ஏழு வீட்டுக்கும் பொதுவாக ஒரு வழக்கம் உண்டு. முதுகுப் பூச்சு என்பார்கள். தகட்டின் வெளிப்பக்கம் படம் இருக்கிறது, அதை எல்லோரும் பார்க்கிறார்கள். உள்பக்கம் பட்டுக்குப் பின்னால் மறைந்துபோகும். அந்த மறைகிற பக்கத்திலும் அதே கண்ணாடியை மெல்லியதாகப் பூசிச் சுட வேண்டும். ஏனென்றால், சூடு ஆறும்போது வெள்ளி ஒரு விதமாகச் சுருங்கும், கண்ணாடி வேறு விதமாகச் சுருங்கும். இரண்டு பக்கமும் கண்ணாடி இருந்தால் இழுப்பும் இரண்டு பக்கம் சமமாக இருக்கும். ஒரு பக்கம் மட்டும் இருந்தால் தகடு உள்ளுக்குள்ளேயே விறைத்துக்கொண்டு நிற்கும். பத்து நாள் நிற்கும், இருபது நாள் நிற்கும். பிறகு ஒரு குளிர் நாளில், யாரும் தொடாமலே, டக்கென்று கண்ணாடி விரிந்து விரிசல் ஓடிவிடும்.

பை வாங்குகிறவர்களுக்கு முதுகுப் பூச்சு என்று ஒன்று இருப்பதே தெரியாது. அது செய்கிறவனுக்கும் அவன் வீட்டுப் பெண்ணுக்கும் மட்டும் தெரியும். பட்டுத் துணியை விளிம்பில் வைத்துத் தைப்பது பெண்கள்தானே. முதுகை விரலால் தடவிப் பார்த்த பிறகுதான் அவர்கள் ஊசியைத் தொடுவார்கள்.

இப்படி இருக்கும்போது அரசர் வீட்டில் கல்யாணம் வந்தது.

நெடுங்கரை அரசருக்கு ஒரே மகள். அக்கரை நாட்டு இளவரசனுக்குப் பேசி முடித்திருந்தார்கள். தை மாதம் முகூர்த்தம். மாப்பிள்ளையின் தாய்க்குச் சீர்த்தட்டில் வைத்துக் கொடுக்க ஒரு வெள்ளிப் பை வேண்டும் என்று அரசி வைரவப் பத்தரிடம் சொல்லி அனுப்பினாள். நாற்பது நாள் அவகாசம்.

பத்தர் உட்கார்ந்தார். முப்பத்தாறு நாளில் ஒரு நீலக் குளம் செய்தார். குளத்தின் நடுவில் ஒற்றைக் காலில் ஒரு வெள்ளைக் கொக்கு. கொக்கின் கண்ணுக்கு மட்டும் ஒரு புள்ளி கறுப்பு. இனி ஒரு சூடுதான் பாக்கி. அது முதுகுப் பூச்சுக்கான சூடு. அரைக்க ஒரு நாள், பூசி உலர ஒரு நாள், சுட்டு ஆற ஒரு நாள். மூன்று நாள் வேண்டும், கையில் நான்கு நாள் இருந்தது.

முதல் நாள் ஊர் வணிகர்கள் கொக்கைப் பார்க்க வந்தார்கள். பத்தர் வேலையை நிறுத்திவிட்டு வெயிலில் பிடித்துக் காட்டினார். இரண்டாம் நாள் அரண்மனை அதிகாரிகள் வந்தார்கள். பத்தர் வெயிலிலும் காட்டினார், நிழலிலும் காட்டினார். மூன்றாம் நாள் அரசியின் தம்பியே பல்லக்கில் வந்தார். பத்தர் வெயிலில், நிழலில், விளக்கில் என்று மூன்று விதமாகக் காட்டி, ஒன்பது தண்ணீர் கதையையும் ஒன்றுக்கு இரண்டு தடவை சொன்னார். புகழ்ச்சி வயிற்றை நிரப்பாது என்பார்கள். பொழுதை நன்றாகவே நிரப்பும்.

நான்காம் நாள் காலையில் பத்தர் பையைத் திருப்பிப் பார்த்தார். முதுகு வெறும் வெள்ளியாக இருந்தது. திருப்பிப் பார்த்தவர் அப்படியே கவிழ்த்து வைத்துவிட்டார்.

மத்தியானம் அவருடைய மனைவி உலகம்மை பட்டும் ஊசியுமாக வந்து உட்கார்ந்தாள். விரலால் முதுகைத் தடவினாள். தடவிய விரலை எடுக்காமலே நிமிர்ந்து பார்த்தாள்.

“என்னங்க, முதுகு வெறுமையா இருக்கே.”

“தெரியும்.”

“தெரிஞ்சா எப்படிங்க தைக்கிறது?”

“ஊசியாலதான் தைக்கணும். நாளைக்கு விடிஞ்சா சீர்த்தட்டு கெளம்புது. பட்டுக்குள்ள பூந்து யாரு பாக்கப் போறா? தை, தை.”

உலகம்மை ஊசியில் நூல் கோத்தாள். பிறகு தைத்தாள். அவளையும் நான் தப்பவிட மாட்டேன், அவளும் தன்னைத் தப்பவிட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் சீர் வரிசை புறப்பட்டது. நூற்றியொரு தட்டு. வெள்ளிப் பை இருந்த தட்டை நாச்சி என்கிற பணிப்பெண்ணிடம் கொடுத்தாள் அரசி. நாச்சிக்குப் பத்தொன்பது வயது. அரண்மனையில் அவளைப் போலக் கை பதமான பெண் கிடையாது. விளிம்பு வரை எண்ணெய் நிரப்பிய கிண்ணத்தை எடுத்துக்கொண்டு படியேறுவாள், ஒரு சொட்டு சிந்தாது. மேலே படிந்த ஏடு கலையாமல் பால் கொண்டுவருவாள். “நாச்சி கையில கொடுத்தா பூமியில வச்ச மாதிரி” என்று அரசியே சொல்வாள். அந்தப் பேச்சுதான் நாச்சியின் சொத்து. வேறு நகையோ நிலமோ அவளுக்கு இல்லை.

தைப் பனி கொட்டிக்கொண்டிருந்தது. படகில் ஏறி, அக்கரையில் இறங்கி, ஆற்றுப் படிகளில் ஏறி, மேளத்தோடு நடந்து, மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். மாப்பிள்ளையின் தாய் தட்டின் மேல் மூடியிருந்த துணியை விலக்கினாள்.

கொக்கின் கழுத்திலிருந்து குளத்தின் அடி வரைக்கும் ஒரு விரிசல் ஓடியிருந்தது. ஒரு சிட்டிகை நீலம் பெயர்ந்து தட்டில் கிடந்தது.

மேளம் நின்றது. கல்யாணத்தில் உடைந்த பொருளைச் சீராகக் கொடுத்தால் என்ன பேசுவார்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த அம்மாள் நல்லவள். ஒன்றும் சொல்லாமல் துணியைத் திரும்ப மூடினாள். கல்யாணம் நடந்தது. ஆனால் நெடுங்கரை அரசர் அன்று முழுவதும் தலை நிமிரவில்லை.

விரிந்த பையோடு ஊர் திரும்பியதும் சபை கூடியது. நாச்சியை நடுவில் நிறுத்தினார்கள்.

“கீழே போட்டாயா?” என்று அரசர் கேட்டார்.

“இல்லீங்க அரசே.”

“எங்காவது இடித்தாயா?”

“இல்லீங்க அரசே.”

“பிறகு எப்படி விரிந்தது?”

“தெரியலீங்க அரசே. நான் போடலீங்க.”

அரசர் யோசித்தார். இது பெண் சொல்வதை வைத்துத் தீர்க்கிற காரியம் இல்லை, தெரிந்தவர் ஒருவரைக் கேட்போம் என்று வைரவப் பத்தரை அழைத்துவரச் சொன்னார்.

பத்தர் வந்தார். பையைக் கையில் வாங்கினார். கீழே விழுந்த பையில் வெள்ளி நசுங்கியிருக்கும், நசுங்கின இடத்திலிருந்து விரிசல் நாலா பக்கமும் சிதறியிருக்கும். இதில் நசுங்கல் இல்லை. விரிசல் வில்லைப் போல ஒரே கோடாக வளைந்திருந்தது. முதுகுப் பூச்சு இல்லாத தகடு விரிகிற விதம் அது. கண் இமைப்பதற்குள் அவருக்குத் தெரிந்துபோயிற்று. சபையில் வேறு ஒருவருக்கும் தெரியாது என்பதும் தெரிந்துபோயிற்று.

அந்த நாட்டில் ஒரு சட்டம் இருந்தது. அரண்மனைக்குக் குறை வேலை செய்து கொடுத்தவனின் உலையில் தண்ணீர் ஊற்றி அணைத்துவிடுவார்கள். அரசர் மறுபடி அனுமதி தரும்வரை அவன் நெருப்பு மூட்டக் கூடாது. அந்த அனுமதி யாருக்கும் அதுவரை கிடைத்ததில்லை.

“பத்தரே, இது தானாக விரியுமா?” என்று அரசர் கேட்டார்.

“விரியாது அரசே. கீழே விழுந்தால்தான் விரியும்.”

ஐந்து சொல். ஒன்பது தண்ணீர் கழுவுகிற மனிதர், ஐந்து சொல்லைக் கழுவாமல் வெளியே விட்டார். இந்த இடம் வரும்போதெல்லாம் எழுந்துபோய் அவர் கன்னத்தில் ஒன்று வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும். அப்புறம் என் கன்னத்தை நானே தடவிக்கொண்டு கதையைத் தொடர்வேன்.

நாச்சி திரும்பிப் பத்தரைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. ஆச்சரியமாகப் பார்த்தாள். பிறகு குனிந்து தன் கைகளைப் பார்த்தாள்.

அடி இல்லை, சிறை இல்லை. அரண்மனையை விட்டுப் போகச் சொன்னார்கள், அவ்வளவுதான். எவ்வளவு கருணையான தீர்ப்பு என்று சபையில் பேசிக்கொண்டார்கள். அதோடு விட்டார்களா? இல்லை. பத்தரின் அருமையான வேலை ஒரு பெண்ணின் கவனக்குறைவால் வீணாகிவிட்டதே என்று வருந்தி, அரசர் அவருக்குச் சால்வை போர்த்தினார்.

பத்தர் சால்வையோடு வீட்டுக்கு வந்தார். உலகம்மை வாசலில் நின்றாள்.

“முதுகப் பத்திக் கேட்டாங்களா?”

“கேக்கல.”

“நீங்க சொன்னீங்களா?”

பத்தர் சால்வையைக் கழற்றி நீட்டினார். உலகம்மை சால்வையை வாங்கி மடித்து, அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தாள்.

“அந்தப் பட்டுத் துணியத் தச்ச கை என்னோடதுங்க” என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து அவள் ஒரு காரியம் செய்தாள். எந்தப் பை தைக்க வந்தாலும் தானே தடவிப் பார்க்க மாட்டாள். பத்தர் முன்னால் கொண்டுவந்து வைப்பாள். “நீங்களே தடவிச் சொல்லுங்க” என்பாள். பத்தர் தடவி, “பூசியிருக்கு” என்று சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் ஊசியை எடுப்பாள். வாரத்துக்கு ஒரு பை என்று வைத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு ஒரு தடவை அந்த மனிதருக்கு முகம் சிவந்து கறுத்தது.

கோயிலில் அவருக்கு முதல் மரியாதை கொடுத்தார்கள். வாங்கும்போது கை கூசியது. “உங்க வேலைய அந்த வழுக்குக் கை நாச்சி கெடுத்துட்டாளே” என்று தெருவில் நின்று விசாரித்தார்கள். ஆம், அப்படி ஒரு பட்டப்பெயர் வந்துவிட்டது. பிள்ளைகள் விளையாட்டில் பந்தைத் தவறவிட்டவனை “நாச்சிக் கை” என்று கத்தினார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் பத்தர் நடையை எட்டிப் போட்டார்.

எட்டு மாதம் போயிற்று. பத்தருக்குச் சோறு இறங்கவில்லை. உண்மையைச் சொல்லவும் வாய் வரவில்லை. சொல்லாமலே பாவத்தைக் கழுவ வழி தேடினார். எல்லோரும் முதலில் அதைத்தானே தேடுகிறோம்.

முதலில் ஒரு மூட்டை அரிசியை, யார் அனுப்பியது என்று சொல்லாமல் வண்டியில் ஏற்றி நாச்சிக்கு அனுப்பினார். வண்டி அப்படியே திரும்பி வந்தது. “கொடுத்தவங்க பேரு தெரியாத அரிசிய எந்த வாயால திங்கிறது?” என்று அவள் கேட்டதாக வண்டிக்காரன் சொன்னான்.

அடுத்ததாக, எண்ணெய் வணிகர் ஒருவரிடம் பேசி நாச்சிக்கு வேலை கொடுக்கச் சொன்னார். வணிகர் போய்க் கேட்டார். திரும்பி வந்து பத்தரின் பட்டறையில் உட்கார்ந்து அதை வேடிக்கையாகச் சொன்னார். “மண் குடமெல்லாம் நான் தொட மாட்டேன், ஒடைஞ்சுரும்ங்குது அந்தப் பொண்ணு! நல்லா பயந்து கெடக்கு!” பட்டறையில் எல்லோரும் சிரித்தார்கள். பத்தரும் சிரித்தார். அந்தச் சிரிப்பை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு உடம்பு கூசுகிறது.

மூன்றாவதாக, தானே போனார்.

நாச்சி ஆற்றோரம் அக்காள் வீட்டில் இருந்தாள். மாட்டுச் சாணம் பொறுக்கி வறட்டி தட்டிப் பிழைத்துவந்தாள். வேறு வேலை கிடைக்காமல் இல்லை. கீழே போட்டால் உடையாத வேலை அது ஒன்றுதான் என்று அவளே தேர்ந்தெடுத்த வேலை.

பத்தர் வேலிக்கு வெளியே நின்றார். நாச்சியின் அக்காள் தலையில் குடத்தோடும் இடுப்பில் குழந்தையோடும் உள்ளே வந்துகொண்டிருந்தாள்.

“ஏடி நாச்சி, பிள்ளைய ஒரு நிமிசம் வாங்கிக்கோ. குடத்த எறக்கணும்.”

நாச்சி இரண்டடி பின்னால் போனாள்.

“வேணாம்க்கா. கீழ பாய்ல விடு.”

“பிடிடின்னா!”

“என் கை ஒனக்குத் தெரியாதாக்கா? வேணாம், கீழயே விடு.”

அக்காள் முணுமுணுத்துக்கொண்டே குழந்தையைப் பாயில் விட்டாள். குழந்தை வீறிட்டது. நாச்சி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். இரண்டு கைகளையும் அக்குளில் செருகிக்கொண்டாள். வாயாலேயே “ச்சூ, ச்சூ, அழாத கண்ணு” என்று கொஞ்சினாள். குழந்தை அவளைப் பார்த்துக் கைகளை நீட்டியது. அவள் தன் கையை எடுக்கவே இல்லை.

பத்தரால் வெளியே நிற்க முடியவில்லை. வேலியின் படலைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். நாச்சி நிமிர்ந்து பார்த்ததும் பதறி எழுந்தாள்.

“ஐயா! நீங்களா? வாங்கய்யா.”

அவர் வாயைத் திறக்குமுன் அவள் பேச ஆரம்பித்துவிட்டாள்.

“நானே வந்து உங்களப் பாக்கணும்னு இருந்தேன்யா. வர்றதுக்கு மூஞ்சி இல்ல. மொதல்ல நான் போடலன்னுதான் நெனச்சேன். சத்தியமா அப்படித்தான் நெனச்சேன். அப்புறம் அவ்வளவு பெரிய வேலைக்காரரு நீங்களே சொல்லிட்டீங்களே, விழுந்தாத்தான் விரியும்னு. உங்களுக்குத் தெரியாததா? யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன். அக்கரையில ஆத்துப் படி ஏறுறப்ப கால் லேசாத் தடுக்குச்சு. அப்பத்தான் எங்கயோ இடிச்சிருப்பேன். எனக்கே தெரியாம கை நழுவியிருக்கு பாருங்க.”

சொல்லிவிட்டு, சாணிக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அவர் காலில் விழுந்தாள்.

“நாப்பது நாளு ஒழச்சீங்க. அத நான் கெடுத்துட்டேன். என்ன மன்னிச்சிருங்கய்யா.”

வைரவப் பத்தர் ஒரு வேலையை மட்டும் திருடவில்லை, ஒரு பேரை மட்டும் திருடவில்லை. அந்தப் பெண்ணின் நினைவையே திருடியிருந்தார். நடக்காததை நடந்ததாக அவளே சாட்சி சொல்லும்படி செய்திருந்தார். பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் நல்லது என்று சொல்வார்களே, அப்படி நின்றார். பூமி பிளக்கவில்லை. பூமிக்கும் ஒரு மானம் உண்டு, எல்லோரையும் அது வாங்கிக்கொள்ளாது.

“எந்திரிம்மா” என்று மட்டும் சொன்னார்.  திரும்பி நடந்தார்.

வீட்டுக்குப் போகவில்லை. காலில் ஆற்று மணலோடு நேரே அரண்மனைக்குப் போனார். சபை கூடியிருந்தது. அந்த உடைந்த பையைக் கொண்டுவரச் சொல்லுங்கள் அரசே என்று கேட்டார். கொண்டுவந்தார்கள். பத்தர் இடுப்பிலிருந்து சின்னக் கத்தியை எடுத்து, எல்லோரும் பார்க்க, பட்டுத் துணியைக் கிழித்தார்.

“பாருங்கள் அரசே” என்றார்.

அரசர் பார்த்தார். அமைச்சர் பார்த்தார். சபையில் இருந்தவர்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள்.

“பளபளவென்று சுத்தமாக இருக்கிறதே. இதில் என்ன குறை?” என்று அமைச்சர் கேட்டார்.

பார்த்தீர்களா? உண்மையைத் திறந்து வைத்த பிறகும் அது யாருக்கும் தெரியவில்லை. பத்தர் அப்போதும் தப்பித்திருக்கலாம். பட்டு பழசாகிவிட்டது, மாற்றித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். ஒரு நொடி அவர் மனம் அந்தப் பக்கம் சாய்ந்தது என்றுதான் நினைக்கிறேன். எட்டு மாதப் பழக்கம் லேசில் போகுமா? ஆனால் அக்குளில் செருகிய இரண்டு கைகள் அவர் கண்ணை விட்டுப் போகவில்லை.

“சமையல்கட்டிலிருந்து ஓர் அப்பளமும் கொஞ்சம் தணலும் வேண்டும்” என்றார்.

பத்தருக்குப் பசியோ என்று அமைச்சர் நினைத்தார். அப்பளம் வந்தது, தணல் வந்தது. பத்தர் அப்பளத்தைத் திருப்பாமல் ஒரே பக்கம் தணலில் காட்டினார். அது ஒரு பக்கமாகச் சுருண்டு, வளைந்து, பட்டென்று வெடித்தது.

“யாரும் இதைக் கீழே போடவில்லை அரசே. ஒரு பக்கம் மட்டும் சுட்டேன், தானாக வெடித்தது. இந்தத் தகட்டுக்கும் பின்பக்கம் பூசிச் சுட்டிருக்க வேண்டும். ஏழு வீட்டாரும் அப்படித்தான் செய்கிறோம். இந்த ஒரு பைக்கு நான் பூசவில்லை. புகழ்ச்சி கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், நாள் போய்விட்டது. அந்தப் பெண் போடவில்லை. அன்றைக்கு இந்தப் பையைப் பார்த்ததுமே எனக்குத் தெரியும். தெரிந்தேதான் பொய் சொன்னேன்.”

 அரசர் அந்தப் பையைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

“அவள் மூன்று முறை சொன்னாள்” என்றார். “நான் கேட்டேனே ஒழிய, காதில் வாங்கவில்லை.” அவருடைய முகத்தைப் பார்க்கப் பயந்து சபையோர் தரையைப் பார்த்தார்கள்.

சட்டம் சட்டம்தான். அன்று மாலையே காவலர்கள் பத்தரின் உலைக்கு வந்தார்கள். பத்தர் அவர்களைத் தொடவிடவில்லை, தானே குடத்தைத் தூக்கினார். “நில்லுங்க, எனக்கும் இதுல பங்கு இருக்கு” என்று உலகம்மையும் வந்து ஒரு பக்கம் பிடித்தாள். இருவருமாகத் தண்ணீரை ஊற்றினார்கள். உலை சீறி, புகைந்து, அடங்கியது. அன்றிரவு, எட்டு மாதத்துக்குப் பிறகு, பத்தர் இரண்டு வாய் சோறு தின்றார்.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் வெட்கப்பட என்ன இருக்கிறது? தப்புச் செய்தவர் ஒப்புக்கொண்டார், தண்டனை வாங்கினார் என்று எழுந்து போயிருப்பேன். முடியவில்லை, கேளுங்கள்.

மறுநாள் பல்லக்கு அனுப்பி நாச்சியை அழைத்துவந்தார்கள். அவள் பல்லக்கில் ஏறாமல் அதன் பின்னாலேயே நடந்து வந்தாள். சபை நடுவில் பத்தர் அவள் முன்னால் வந்து நின்றார். எல்லாவற்றையும் சொன்னார். முதுகுப் பூச்சைச் சொன்னார், மூன்று நாளைச் சொன்னார், பொய்யைச் சொன்னார்.

நாச்சி நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டாள்.

“அப்ப நான் போடலையாய்யா?”

“இல்லம்மா.”

“ஆத்துப் படியில கால் தடுக்குச்சே?”

“அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லம்மா. பொட்டிக்குள்ள வச்சுப் பூட்டியிருந்தாலும் அது வெடிச்சிருக்கும்.”

 அரசர் எழுந்தார். “நாச்சி, தவறு எங்களுடையது. உன் வேலை உனக்கு. இன்றைக்கே உன் கையால் விளக்குத் தட்டை எடுத்து அரசியிடம் கொடு” என்றார். ஒரு பெண் வெள்ளித் தட்டில் கண்ணாடி விளக்கை வைத்துக் கொண்டுவந்து நீட்டினாள்.

நாச்சி கையை நீட்டினாள். பாதி வரைக்கும் போன கை ஒரு கணம் நின்றது. விரல்கள் தட்டின் விளிம்பைத் தொட்டன. விளக்கு கிணுகிணுத்தது. வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள்.

“பயப்படாதம்மா” என்றார் பத்தர். அழுதுகொண்டிருந்தார். “நெசமாச் சொல்றேன். உன் கையில எந்தக் குத்தமும் இல்ல. என்ன நம்பு.”

நாச்சி அவரைப் பார்த்தாள். அப்போதும் அவள் முகத்தில் கோபம் இல்லை. கணக்குப் புரியாத பிள்ளையின் முகம் போல இருந்தது.

“அன்னைக்கும் நீங்கதான் சொன்னீங்க. இன்னைக்கும் நீங்கதான் சொல்றீங்க” என்றாள். “ரெண்டுல எத நான் நம்புறதுங்கய்யா?”

   நாச்சி எல்லோரையும் கும்பிட்டாள். கைகளை முந்தானைக்குள் சுற்றிக்கொண்டு, வந்த வழியே நடந்து போனாள்.

பிறகு அவள் கை தேறி அரண்மனைக்குத் திரும்பினாள் என்று சொல்கிறவர்கள் உண்டு. கடைசி வரை வறட்டிதான் தட்டினாள் என்று சொல்கிறவர்களும் உண்டு. எனக்குத் தெரியாது. உங்கள் மனம் குளிர வேண்டும் என்பதற்காகத் தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்ல மாட்டேன்.

நீதி இதுதான்: தன் தவறுக்குப் பிறர் மேல் பழி போட்டவன், பின்னொரு நாள் உண்மையைச் சொல்லிப் பழியைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாமே தவிர, அவர் தம் மேல் தாமே வைத்திருந்த நம்பிக்கையைத் திரும்பக் கொடுக்க அவனால் ஆகாது.